பாட்டு சொன்னதும் கேட்டவர் கொண்டதும்

தருமபுரியில் உறவினர் வீட்டுத் திருமண வரவேற்பு ஒன்றில், மேடையோரம் இருந்த மெல்லிசைக் குழுவினர் மணமகளின் விருப்பப்படி ‘நின்னைச் சரணடைந்தேன், கண்ணம்மா’ என்று பாடத் தொடங்கியபோது, என் பக்கத்தில் அமர்ந்திருந்த பெரியப்பா முகம் சுளித்தார். “இது சாமிப் பாட்டு கண்ணு. கல்யாண மேடையில இதை யாரு பாடச் சொன்னது?” என்றார். மணமகளின் தங்கை விடவில்லை. “இல்ல பெரியப்பா, கண்ணம்மான்னு பேரு சொல்லிக் கூப்பிடறாரு. காதலியைத்தான் சொல்றாரு” என்றாள். பந்திக்கு அழைப்பு வந்ததால் பேச்சு அதோடு நின்றுவிட்டது. எனக்கு மட்டும் நிற்கவில்லை. ஒரே பாட்டை ஒரே வரிசையில் அமர்ந்து கேட்ட இருவர் இரு வேறு பாட்டுகளாகக் கேட்டிருக்கிறார்கள். இருவரில் யார் சரி என்பதைவிட, இருவரும் எதை வைத்துக்கொண்டு அந்த முடிவுக்கு வந்தார்கள் என்பதுதான் ஆராயத்தக்கது.

பாரதியாரின் கண்ணன் பாட்டு 1917-இல் நூலாக வெளிவந்தது. அதில் உள்ள 23 பாடல்களில் கண்ணன் தோழனாகவும், தாயாகவும், தந்தையாகவும், சேவகனாகவும், அரசனாகவும், சீடனாகவும் வருகிறான். கண்ணம்மா என்று பெண்ணாகி ஒரு பாட்டில் குழந்தையாகவும், சில பாட்டுகளில் காதலியாகவும், வேறொன்றில் குலதெய்வமாகவும் வருகிறாள். ‘நின்னைச் சரணடைந்தேன்’ அந்தக் குலதெய்வப் பாட்டு. தலைப்பிலேயே கவிஞர் அதைச் சொல்லிவிட்டார். ஆனால் தலைப்பை யாரும் பாடுவதில்லை. 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பாரதி’ திரைப்படத்தில் இளையராஜாவின் இசையில் அது வீடுதோறும் போய்ச் சேர்ந்தபோது, தலைப்பு அச்சுப் புத்தகத்திலேயே தங்கிவிட, கண்ணம்மா என்ற விளி மட்டும் காதுக்கு வந்தது. பெண் பெயரைச் சொல்லி ஒருவன் உருகினால் அது காதல் பாட்டு என்று கொள்வதற்கு நம் காதுகளைத் திரைப்பாடல்கள் பல பத்தாண்டுகளாகப் பழக்கியிருக்கின்றன. அந்தப் பெண்ணின் தவறு என்று இதில் பெரிதாக ஒன்றுமில்லை.

பெரியப்பா அந்தத் தலைப்பைப் படித்தவரா என்று கேட்டால், இல்லை. அவர் பாட்டின் உள்ளேயிருந்தே வந்தார். ‘கவலைகள் தின்னத் தகாதென்று’ என்ற தொடரும், ‘மிடிமையும் அச்சமும்’ நெஞ்சில் குடிபுகுந்தன, அவற்றைக் கொன்று போக்கு என்ற முறையீடும் காதலியிடம் வைக்கும் கோரிக்கைகள் அல்ல என்பது அவருக்குக் கேட்டவுடனே பட்டிருக்கிறது. வறுமையையும் பயத்தையும் ஒழித்துக் கொடு என்று இந்தப் பக்கத்து மனிதர் கேட்கும் இடம் ஒன்றுதான். வருடத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு போய்ப் பொங்கல் வைத்து, பிள்ளைக்கு முதல் முடியிறக்கி, காது குத்திவிட்டு வரும் குலதெய்வக் கோயில். போதாக்குறைக்கு, ‘நல்லது தீயது நாமறியோம் அன்னை’ என்று கவிஞர் பிற்பகுதியில் அன்னையை வெளிப்படையாகவே விளித்துவிடுகிறார். காதல் பாட்டாகக் கொள்பவர்கள் அந்த ஒரு சொல்லைக் கேளாதது போலக் கடந்தால்தான் தங்கள் பொருளோடு ஊர் போய்ச் சேர முடியும்.

இங்கே ஓர் அளவுகோல் கிடைக்கிறது. பாட்டுக்கு நாம் கொள்ளும் பொருள் நம்முடையதாக இருக்கலாம், கவிஞர் கனவிலும் நினைக்காததாகவும் இருக்கலாம். ஆனால் அது பாட்டில் உள்ள சொற்களில் எதையும் தெருவில் நிறுத்திவிட்டுப் போகக் கூடாது. பெரியப்பாவின் பொருளில் எல்லாச் சொற்களுக்கும் இடம் இருக்கிறது. தங்கையின் பொருளில் ‘அன்னை’க்கு இடம் இல்லை. அதற்காக அந்தத் திருமணத்தில் அந்தப் பாட்டைப் பாடியது பிழை என்று நான் சொல்ல வரவில்லை. அதற்குக் காரணம், இதே மாவட்டத்தில் சொற்களுக்கு முற்றிலும் வெளியே நின்று பொருள் கொள்ளும் வழக்கம் ஒன்று ஆண்டாண்டாக, ஊர் கூடி நடந்துகொண்டிருக்கிறது.

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டும் 2004 வரை ஒரே மாவட்டம். இந்தப் பகுதியின் பல ஊர்களில் திரௌபதியம்மன் கோயில் அல்லது தருமராஜா கோயில் திருவிழாவை ஒட்டிப் பாரதம் நடத்துவார்கள். பல ஊர்களில் அது 18 நாள். பகலில் பிரசங்கியார் வந்து அமர்வார். வில்லிபுத்தூராரின் பாரதத்திலிருந்து ஒரு விருத்தத்தை எடுத்துப் பின்பாட்டுக்காரரைக் கொண்டு பாடவைத்து, பிறகு அதற்கு விளக்கம் சொல்வார். வில்லிபாரதம் 4,000-க்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்டது. அதில் ஒரு நாளைக்குச் சில பாடல்களே நகரும். நான்கு அடி விருத்தம் ஒன்றுக்கு அரை மணி நேர விளக்கம் என்றால், அந்த அரை மணி நேரமும் சொல்லுக்குச் சொல் பொருள் சொல்வதில் போவதில்லை. சூதுபோர்ச் சருக்கம் வந்தால் அந்த ஊரில் சீட்டு விளையாடி நிலத்தை விற்றவர் பெயர் சொல்லாமல் உள்ளே வருவார். பங்காளிச் சண்டை வந்தால் வரப்புத் தகராறு வரும். கேட்பவர்கள் சிரிப்பதிலிருந்து, யாரைச் சொல்கிறார் என்பது அவர்களுக்குத் தெரிகிறது என்று நமக்குத் தெரியும். பழம்பாட்டின் பொருளை இன்றைய ஊருக்குள் நடத்திக்கொண்டு வருவதே அவர் தொழில்.

இரவில் அதே கதை கூத்தாகிறது. முகவீணையும் மிருதங்கமும் ஆர்மோனியமும் சேர்ந்து ஒலிக்க, வேடம் கட்டியவர் தரு என்னும் கூத்துப்பாட்டைப் பாடி ஆடிவிட்டு, பாடியதையே வசனத்தில் விரித்துச் சொல்வார். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் குறுக்கிட்டு, “என்னங்க ராசா, இம்மாந் நேரம் பாடினீங்களே, எங்களுக்கு ஒண்ணும் வெளங்கலியே” என்ற தோரணையில் கேட்பான். ராசா மறுபடியும் விளக்க வேண்டும். அவன் அதை வேண்டுமென்றே கோணலாகப் புரிந்துகொள்வான். பாட்டு, அதன் பொருள், அந்தப் பொருளைப் பற்றிய கேலி மூன்றும் ஒரே மேடையில் நடப்பதால், பாட்டுக்கு விளக்கம் தேவைப்படுவதைக் குறையாகக் கருதாமல் ஆட்டத்தின் அங்கமாகவே வைத்திருக்கும் கலையாகக் கூத்து விளங்குகிறது. திரைப்பாடலுக்குப் பொருள் சொன்னால் ‘ரசிக்க விடுங்கள்’ என்று அலுத்துக்கொள்பவர்கள் ஓர் இரவு விழித்திருந்து இதைப் பார்க்கலாம்.

நான் சொல்ல வந்தது அர்ச்சுனன் தபசைப் பற்றி. ஊருக்கு வெளியே நட்ட நெடிய மரத்தில், அர்ச்சுனன் வேடம் கட்டியவர் படிப்படியாகப் பாடிக்கொண்டே ஏறுவார். அந்தப் பாட்டுகளின் பொருள் ஐயத்துக்கு இடமின்றித் தெளிவானது. போரில் கௌரவரை வெல்லப் பாசுபதம் என்னும் ஆயுதம் வேண்டிச் சிவனை நோக்கித் தவம் செய்யப் போகிறான். கேட்பது கொல்லும் கருவி. ஆனால் மரத்தின் அடியில் ஈரப் புடவையோடு காத்திருக்கும் பெண்கள் வேண்டி வந்தது குழந்தை வரம். உச்சியிலிருந்து அவர் வீசும் எலுமிச்சம்பழமும் விபூதியும் மடியில் விழுந்தால் பிள்ளை பிறக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. மேலே பாடப்படுவது ஆயுதம். கீழே கேட்கப்படுவது பிள்ளை. சொற்களோடு மட்டும் ஒட்டி நின்றால் இதைவிடப் பெரிய பொருள் முரண் இருக்க முடியாது. ஆனால் அந்தப் பெண்களுக்குப் பாட்டு விளங்கவில்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்பமாட்டேன். கிடைத்தற்கரிய ஒன்றுக்காக உடலை வருத்தி மேலே மேலே ஏறுகிறவன் ஒருவன் பாடுகிறான் என்பதை அவர்கள் சரியாகவே கேட்டிருக்கிறார்கள். அரிய பொருள் எது என்ற இடத்தில் மட்டும் தங்கள் பொருளை வைத்துக்கொண்டார்கள். இது சொற்களைக் கைவிட்ட பொருள்கோள், ஆனால் பாட்டின் அமைப்பைக் கைவிடாதது. திருமண வரவேற்பில் ‘சரணடைந்தேன்’ என்பதைக் காதலாகக் கேட்ட தங்கையும் இந்த வரிசையில் நிற்கத் தகுதியுள்ளவள் என்று நினைத்துத்தான் அவளைக் குற்றம் சொல்லத் தயங்கினேன்.

சொற்கள் அப்படியே இருக்க, அவற்றை யார் யாரிடம் சொன்னார் என்ற செய்தியே பொருளை முழுக்கத் தீர்மானித்துவிடும் பாட்டுகளும் உண்டு. அதற்குச் சான்று தேடி நாம் ஊரைவிட்டுப் போக வேண்டியதில்லை. தருமபுரிதான் பழைய தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். ஔவையார் அவனைப் பாடியவை புறநானூற்றில் பல. அவற்றில் 95-ஆம் பாட்டு, ‘இவை மயில்பீலி அணிந்து, மாலை சூட்டப்பெற்று, நெய் பூசப்பட்டுக் காவல் மிகுந்த மாளிகையில் உள்ளன, அவையோ பகைவரைக் குத்தி, நுனி சிதைந்து, கொல்லனின் சிறு கொட்டிலில் கிடக்கின்றன’ என்று சொல்கிறது. வெறுமனே படித்தால் இரண்டு வகை வேல்களின் நிலையைச் சொல்லும் செய்தி இது. எதிரில் யார் நிற்கிறார்கள் என்று தெரியாதவரை ‘இவை’ என்பதன் சுருக்கு நமக்குத் தட்டுப்படுவதில்லை. பாட்டின் அடியில் உள்ள குறிப்பு அதைத் தருகிறது: அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்ற ஔவைக்கு அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்ட, அவர் பாடியது. உடனே எல்லாம் தலைகீழாகிறது. பளபளக்கும் வேல்கள் போரே காணாதவை. உடைந்து கிடப்பவைதான் வேலை செய்தவை. தன் ஆயுதக் கொட்டிலைப் பெருமையாகச் சுற்றிக் காட்டிய மன்னனின் முகத்துக்கு நேரே, அவன் குற்றம் சொல்லவும் முடியாதபடி, புகழ்மொழியிலேயே சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அந்த இரண்டு வரிக் குறிப்பு இல்லையென்றால் இந்தக் குறும்பில் பாதி நமக்குக் கிடைத்திருக்காது.

எனவே பாட்டுக்கு வெளியே உள்ள செய்தி எதுவுமே வேண்டாம், சொல் மட்டும் போதும் என்று வீறாப்புப் பேச நமக்கு வழியில்லை. நம் பழம்பாடல்களே திணை, துறை, கூற்று என்று முகவரி ஒட்டித்தான் வந்து சேர்ந்திருக்கின்றன. இன்று திரைப்பாடலுக்கு அந்தக் குறிப்பு வேலையைக் காட்சி செய்கிறது. படம் மறந்து பாட்டு மட்டும் எஞ்சும்போது, கொளு என்னும் அடிக்குறிப்பு உதிர்ந்த புறப்பாட்டின் நிலைக்கு அது வந்துவிடுகிறது; கேட்பவர் தன் குறிப்பைத் தானே எழுதிக்கொள்கிறார்.

அதே அதியமானைப் பற்றிய 101-ஆம் பாட்டுக்கு ஓர் உழவர் எழுதிக்கொண்ட குறிப்பை நான் நேரில் கேட்டேன். ‘ஒருநாள் செல்லலம், இருநாள் செல்லலம்’ என்று தொடங்கும் அந்தப் பாட்டில், எத்தனை நாள் எத்தனை பேரோடு போனாலும் முதல்நாள் போலவே வரவேற்பான்; பரிசில் தரத் தாமதித்தாலும் தாமதிக்காவிட்டாலும், யானை தன் இரு கொம்புகளுக்கு இடையே வைத்துக்கொண்ட கவளம் போல அது நம் கைக்கு வந்தது போலத்தான், பொய்க்காது என்கிறார் ஔவையார். தேன்கனிக்கோட்டைப் பக்கம் மானாவாரியில் ராகி விதைக்கும் நண்பர் ஒருவரிடம் இந்த உவமையைச் சொன்னபோது, அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “கரெக்ட்டுங்க. கொம்புக்கு நடுவுல போனது திரும்பி வரவே வராது” என்றார். ராகி முற்றும் பருவத்தில் கர்நாடகக் காடுகளிலிருந்து ஒசூர் வனப்பகுதிக்கு யானைகள் வருவதும், காட்டோர நிலங்களில் இரவெல்லாம் பரண் மேல் காவல் இருந்தும் விடிகிறபோது கதிர் இல்லாமல் போவதும் அங்கே ஆண்டுதோறும் நடப்பவை. அவர் காதில் அது கிடைக்கப்போவதன் உறுதியாக விழவில்லை. போனதன் உறுதியாக விழுந்தது.

பாட்டைத் தலைகீழாக்கிவிட்டார் என்று முதலில் எனக்குத் தோன்றியது. யோசித்தால் அப்படி இல்லை. உவமையின் உயிர் அதன் உறுதியில் இருக்கிறது. யானை தன் வாய்க்கு அருகில் கொண்டுபோனதை யாரும் பிடுங்க முடியாது என்பதில் இருக்கிறது. ஔவையார் யானையின் பக்கம் நின்று அதைப் பார்க்கிறார். என் நண்பர் கவளத்துக்கு உரியவன் பக்கம் நின்று பார்க்கிறார். உறுதி இருவருக்கும் ஒன்றுதான். பாகன் உருட்டிக் கொடுத்த சோற்றுக் கவளத்தையே கண்ட உரையாசிரியர்களுக்கு இந்த இரண்டாவது பக்கம் தோன்ற வழியில்லை. அவர் சொன்ன பிறகு நான் அந்தப் பாட்டைப் படிக்கும்போதெல்லாம், ‘பரிசில் உறுதி’ என்பதற்குப் பின்னால் அதைக் கொடுத்தவன் கைவிட்டது எவ்வளவு என்ற கேள்வியும் சேர்ந்தே வருகிறது.

இதைவிட வியப்பானது ஒரு மாணவியின் கேள்வி. குறுந்தொகையின் 40-ஆம் பாட்டு, ‘யாயும் ஞாயும் யாராகியரோ’ என்று தொடங்குவது, இன்று படிக்காதவர்களுக்கும் தெரிந்த ஒன்று; 1997-இல் ‘இருவர்’ படப் பாடலொன்றில் வைரமுத்து அந்த அடியை எடுத்தாண்டதும் அதற்கு ஒரு காரணம். செம்மண் நிலத்தில் பெய்த மழைநீர் போல நம் நெஞ்சங்கள் கலந்தன என்ற உவமைக்கு, நீர் நிலத்தின் நிறத்தையே தன் நிறமாகப் பெற்றுப் பிரிக்க முடியாததாகிவிடுகிறது என்று வகுப்பில் விளக்கம் சொன்னபோது, பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்து வரும் அந்த மாணவி எழுந்து, “ஏரிக்குப் போய் ரெண்டு வாரத்துல தெளிஞ்சிடுமே சார்?” என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. செம்மண் காட்டில் கோடை மழை அடித்து, ஓடையெல்லாம் செக்கச் செவேல் என்று ஏரிக்கு ஓடுவதையும், பிறகு வண்டல் அடியில் படிந்து மேலே நீர் தெளிந்து நிற்பதையும் ஆண்டுதோறும் பார்த்து வளர்ந்தவளின் கேள்வி அது. செம்மண்ணைப் படத்தில் பார்த்தவருக்கு அது எழாது.

அன்று நான் திணறினேன். பாட்டு ‘பெயல்நீர்’ என்கிறது, பெய்கிற கணத்தைத்தான் சொல்கிறது, ஏரி வரை போகவில்லை என்று சமாளித்தேன். வீட்டுக்கு வந்து அந்தப் பாட்டின் கூற்றுக் குறிப்பைத் திரும்பப் பார்த்தபோதுதான் அவள் எங்கே போய் நின்றாள் என்பது விளங்கியது. கூடிய பின் இவன் பிரிந்துவிடுவானோ என்று அஞ்சிய தலைவியின் முகக் குறிப்பைக் கண்டு தலைவன் சொல்வதாக அமைந்த பாட்டு அது. அதாவது, ‘தெளிந்து பிரிந்துவிடுமோ’ என்ற ஐயம் பாட்டுக்கு வெளியே இருந்து வந்த குறுக்குக் கேள்வி அன்று. பாட்டு பிறந்ததே அந்த ஐயத்துக்கு விடையாகத்தான். தலைவி கேளாமல் கேட்டதை, 2,000 ஆண்டு கழித்து ஒரு பெண் ஏரிக்கரை அனுபவத்திலிருந்து வாய்விட்டுக் கேட்டிருக்கிறாள். 1937-இல் வெளிவந்த உ.வே.சாமிநாதையர் பதிப்பு முதல் இன்றைய கைந்நூல்கள் வரை, கலத்தலைப் பற்றி விளக்கங்கள் பலவும் உண்டு. படிதலைப் பற்றி விளக்கம் எழுத அந்தக் கரைக்காரியால்தான் முடியும்.

சொற்பிரிப்பால் வரும் வேறுபாடு தனி வகை. அதைச் சற்று விரைந்து சொல்லிவிடலாம். 1962-இல் வந்த ‘பலே பாண்டியா’வில் கண்ணதாசன் எழுதிய ‘அத்திக்காய் காய் காய்’ என்ற பாட்டை, கிருஷ்ணகிரி மாங்காய் மண்டி ஒன்றில் சுமை இறக்கிக்கொண்டே பாடிய ஒருவரைக் கண்டிருக்கிறேன். காய்களின் பட்டியல் என்ற அளவில் அது அந்த இடத்துக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. ‘அத் திக்காய்க் காய்’ என்று பிரித்தால், நிலவே, அந்தத் திசை நோக்கிக் காய், இந்தத் திசை நோக்கிக் காயாதே என்ற வேண்டுகோள் வெளிப்படும். தண்டியலங்காரம் பிரிமொழிச் சிலேடை என்று பெயரிட்ட அதே உத்தி. இங்கே இரண்டு பொருளும் கவிஞர் வைத்தவை. கேட்பவர் கண்டுபிடிக்கிறாரே தவிர உண்டாக்கவில்லை.

உண்டாக்குவது எல்லைப்புறத்தில் நடக்கிறது. ஒசூரில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே வீட்டுக்குள் புழங்கும் குடும்பங்கள் ஏராளம். வேலைக்காகப் புதிதாக வந்து குடியேறியவர்களும் பக்கத்து வீட்டுப் பாட்டைக் கேட்டே ஆக வேண்டியிருக்கிறது. தெலுங்குப் பாட்டில் ‘அவசரம்’ என்று வந்தால் அதற்குத் தேவை என்று பொருள். தமிழ்க் காது அதைப் பரபரப்பு என்று கொள்ளும். நீ எனக்குத் தேவை என்று ஒருவன் உருகிக்கொண்டிருக்க, கேட்பவர் அவன் எதற்கு இப்படி அவசரப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டிருப்பார். இதைப் பொருள்கோள் என்று நான் மதிக்க மாட்டேன். இது தவறாகக் கேட்டது, அவ்வளவே. தனிப்பட்ட விளக்கம் என்ற பெயரில் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளும் தாராளம் இப்போது பெருகிவிட்டதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தாராளத்துக்கு எதிர்ப்பக்கத்தில் மிகைநுட்பம் நிற்கிறது. திரைப்பாடல்களில் பெரும்பாலானவை மெட்டுக்கு எழுதப்படுபவை. இசையமைப்பாளர் தத்தகாரத்தில் ஓட்டிக் காட்டும் சந்தத்துக்குள், எதுகையும் மோனையும் அமைய, குறிலும் நெடிலும் இடம் மாறாமல் சொற்களை நிரப்ப வேண்டும். வரியின் இறுதியில் நிற்கும் ஒரு சொல் ஆழ்ந்த தத்துவத்துக்காக அங்கே நிற்கலாம். நீட்டிப் பாட ஒரு நெடில் வேண்டியிருந்ததாலும் நிற்கலாம். இது தெரியாமல் ஒவ்வோர் அசைக்கும் உட்பொருள் காண்பவர்கள், கவிஞர் அப்போது யாரிடம் கோபித்துக்கொண்டிருந்தார், எந்த நண்பருக்கு மறைமுகமாகச் செய்தி சொன்னார் என்று கதை கட்டத் தொடங்குகிறார்கள். அந்தக் கதைகளில் சில உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அவை வந்தவுடன் கேட்பவர் பாட்டைக் கேட்பதை விட்டுவிட்டு, கதைக்குச் சான்றாக அதைப் பயன்படுத்தத் தொடங்கிவிடுகிறார் என்பதே என் குறை. ஔவையாரின் பாட்டின் கீழ் நின்ற குறிப்பு நம்மைப் பாட்டுக்குள் திருப்பி அனுப்பியது. இந்தக் கதைகளோ பாட்டிலிருந்து வெளியே கூட்டிப்போகின்றன.

புலமையாளர்களும் இந்தக் குழியில் விழாதவர்கள் அல்லர். நச்சினார்க்கினியர் முல்லைப்பாட்டுக்கு உரை எழுதும்போது, தாம் கருதிய பொருள் கிடைப்பதற்காகத் தொலைவில் கிடக்கும் தொடர்களையெல்லாம் பிரித்தெடுத்து மாட்டிப் பொருள் கூட்டினார். 1903-இல் வெளிவந்த தம் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரையில் மறைமலையடிகள் அதை மறுத்து, பாட்டு நின்றபடியே பொருள் தருகிறது என்று காட்டினார். எல்லாச் சொல்லையும் பயன்படுத்திய ஓர் உரையும் பாட்டைச் சிதைக்க முடியும் என்பதற்கு அது எடுத்துக்காட்டு. ஆகவே நான் முன்னே சொன்ன அளவுகோலில், சொற்கள் தம் வரிசையில் நிற்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

இனி, பாடுபவரும் கேட்பவரும் ஒருவராகவே இருக்கும் இடத்துக்கு வரலாம். அதியமான் இறந்த பின் ஔவையார் பாடிய கையறுநிலை புறநானூற்றில் 235-ஆம் பாட்டு. சிறிதளவு கள் கிடைத்தால் எமக்குத் தருவான், ‘மன்னே’; நிறையக் கிடைத்தால் யாம் பாடத் தானும் மகிழ்ந்து உண்பான், ‘மன்னே’ என்று அடிக்கு அடி அந்தச் சிறு சொல் வந்து விழுகிறது. கழிவு, ஆக்கம், ஒழியிசை என்று மன் என்னும் இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியம் மூன்று பொருள் சொல்லும். இங்கே கழிவு, அதாவது அது போயிற்றே என்பது. தனித்து நின்றால் பொருள் தராத ஒரு சிறு சொல்தான் இந்தப் பாட்டில் எல்லாப் பொருளையும் சுமக்கிறது. எழவு வீடுகளில் ஒருவர் தோளை ஒருவர் பற்றி ஒப்பாரி வைக்கும் பெண்கள் வரியின் முடிவில் இழுக்கும் ‘அம்மா’வையும் ‘ராசா’வையும் கேட்டவருக்கு இந்த ‘மன்னே’ புதிதாக இராது.

ஒப்பாரியில் எனக்கு நீண்ட நாள் புரியாமல் இருந்தது, இறந்தவர் பக்கத்து வீட்டு முதியவராக இருக்க, பாடுகிற பெண் எதற்குத் தன் பிறந்த வீட்டையும், சீர் கொண்டு வராத அண்ணனையும், எப்போதோ போய்ச் சேர்ந்த தன் தாயையும் சொல்லி அழுகிறாள் என்பதுதான். சொல் பழைய சொல். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த வரிகள். அவற்றுக்குள் அவரவர் இறந்தவர்கள் வந்து அமர்ந்துகொள்கிறார்கள். இந்த ஒரு வகைப் பாட்டில் மட்டும், கேட்டவர் கொள்ளும் பொருளுக்கும் பாட்டின் பொருளுக்கும் இடையே நான் கோடு கிழிக்கத் துணிவதில்லை.

அரூர்ப் பக்கத்தில் நன்றாக ஒப்பாரி வைப்பார் என்று சொல்லப்பட்ட மூதாட்டி ஒருவரிடம், பதிவு செய்துகொள்ள வேண்டும், ஒரு பாட்டுப் பாடுங்கள் என்று ஒருமுறை கேட்டேன். சிரித்தார். வற்புறுத்தியபோது இரண்டு வரி சொன்னார்; பாடவில்லை, கணக்குச் சொல்வது போல ஒப்பித்தார். பொருள் கேட்டேன். “பொருளா?” என்று என்னையே திரும்பக் கேட்டுவிட்டு, “எழவு விழுந்த வூட்டுல வந்து கேளு சாமி, அப்பத்தான் எனக்கே தெரியும்” என்று சொல்லி, உரித்துக்கொண்டிருந்த புளியைத் தொடர்ந்து உரிக்கத் தொடங்கினார்.